கண்ணாடியில் ஒட்டிய பாஸ்வேர்ட்

கணினித் திரையில் அம்பு அசைந்துவிட்டால் தோரிங் அண்ணனின் கத்தரி அப்படியே நின்றுவிடும். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் தலை ஒரு பக்கம் வெட்டியும் மறு பக்கம் புதராகவும் இருக்கும். அதைப் பற்றி அவருக்குக் கவலையே கிடையாது. இடுப்புத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு மூலையில் இருக்கும் கணினிக்குப் போவார். மௌஸின் மேல் சீப்போ துண்டோ கிடந்தால் எடுத்து அப்பால் வைப்பார். பிறகு இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு, பெரிய மனிதர் யாரோ வீட்டுக்குள் நுழைவதற்கு வழிவிட்டதுபோல் ஒதுங்கி நிற்பார்.

"வந்துட்டா" என்பார், குறிப்பாக யாரிடமும் இல்லாமல்.

அம்பு தானாக நகரும். ஒரு கோப்பைத் திறக்கும், மூடும், குப்பையைக் காலி செய்யும். புதிதாக முடிவெட்ட வந்தவர்கள் கண்ணாடியில் இதைப் பார்த்துவிட்டுக் கழுத்தைத் திருப்புவார்கள். ஆட்டோ ஓட்டும் டிண்டோ எந்நேரமும் கடைப் பெஞ்சில்தான் கிடப்பான். "பயப்படாதீங்க, பேய்தான். சம்பளம் வாங்காம வேலை செய்யுற பேய்" என்று அவன் விளக்கம் சொல்லுவான்.

பேய் அல்ல, மகள். நெரிஸா சவுதியில், தம்மாம் நகரத்தில், ஒரு ஆஸ்பத்திரியில் இரவு வேலை பார்க்கிறாள். இங்கே எங்கள் தீவில், ஹக்னா என்ற ஊரில், துறைமுகத்துக்குப் போகும் சாலையில், முன்னறையில் சலூனும் பின்னறையில் குடித்தனமுமாக அண்ணன் இருக்கிறார். மனைவி இறந்து நெடுநாள் ஆகிறது. நெரிஸா இந்தக் கடையில் உதிர்ந்த முடியைக் கூட்டிக்கொண்டே வளர்ந்தவள். இப்போது அந்தக் கடைக்கு அவள் அனுப்பி வருவது ஓர் அம்பு மட்டும்தான். நான் எதிர் வீட்டுக்காரி, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். என் வீட்டு ஜன்னலைத் திறந்தால் அந்தக் கணினிதான் தெரியும். அதனால் பல நாள் பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

கணினியை வாங்கி வைத்ததும் அவள்தான். அங்கிருந்தபடியே இதைத் திறந்து பார்க்கவும் இயக்கவும் ஒரு மென்பொருளைப் போட்டுவிட்டுப் போனாள். ஏதாவது கோளாறு வந்தால் அப்பா தவிக்கக்கூடாது என்று. ஆரம்பத்தில் உண்மையாகவே கோளாறுகள் வந்தன. சலூனில் இருக்கும் கணினிக்கு வரும் வியாதிகள் தனி. விசிறிக்குள் முடி போய்விடும். பிடரியில் பவுடர் தட்டுகிற பிரஷ்ஷாலேயே கீபோர்டையும் துடைப்பார், அதனால் எழுத்துகளின் இடுக்கெல்லாம் வெள்ளையாக இருக்கும். பக்கத்தில் போனால் குழந்தையைக் குளிப்பாட்டி வைத்த வாசனை வரும்.

நாளாக ஆகக் கோளாறுகள் குறைந்தன. அண்ணனுக்கு அது பிடிக்கவில்லை. "எழுத்து சின்னதா தெரியுதும்மா" என்று ஒருநாள் செய்தி அனுப்புவார். மறுநாள், "இப்ப ரொம்பப் பெருசா இருக்கு." ஒரு தடவை சத்தத்தை அவரே அணைத்துவிட்டு, "ஊமையாயிடுச்சு" என்று புகார் செய்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். நெரிஸா கெட்டிக்காரி. கொஞ்ச நாளில் புரிந்துகொண்டாள். அதன்பிறகு கோளாறு இல்லாமலே வர ஆரம்பித்தாள்.

வீடியோவில் பேச வேண்டியதுதானே என்று நானும் கேட்டிருக்கிறேன். அவள் அறையில் ஐந்து பெண்கள். முறைவைத்து வேலை, முறைவைத்துத் தூக்கம். இவள் வேலை முடித்து வரும்போது இரண்டு பேராவது உறங்கிக்கொண்டிருப்பார்கள். வாய் திறக்கக்கூடாது. இந்தப் பக்கத்து நிலைமை வேறு. அண்ணன் கையில் வீடியோ வந்துவிட்டால் தெருவே உள்ளே வந்துவிடும். ஒருத்தி சோப்பு கேட்பாள், ஒருத்தன் செருப்பு கேட்பான், எல்லோரும் பல்லைக் காட்டிவிட்டுப் போவார்கள், அப்பனுக்கும் மகளுக்கும் பேச நேரமிருக்காது. அம்பு வந்தால் அந்தத் தொல்லை இல்லை. அதனிடம் யாரும் சோப்பு கேட்பதில்லை.

அவர்கள் பேச்சு நோட்பேடில் நடக்கும். அவள் தட்டினால் எழுத்துகள் அருவியாகக் கொட்டும். இவர் ஒற்றை விரலால், ஒவ்வொரு எழுத்தாகத் தேடிக் குத்துவார். "என்ன சாப்பிட்டே?" என்று கேட்டு முடிப்பதற்குள் அவளுக்குத் தூக்கம் வந்துவிடும். பேச்சு ஓய்ந்ததும் சீட்டாட்டத்தைத் திறப்பார். ஒருவர் ஆடும் ஆட்டம், இருவர் ஆடுவார்கள். அவர் வழி தெரியாமல் விழித்தால், அம்பு மெல்லப் போய் எடுக்க வேண்டிய சீட்டின் அடியில் நிற்கும். எடுத்துப் போடாது, காட்டும், அவ்வளவுதான். அண்ணன் தொடையில் தட்டிக்கொண்டு, "இத நான் பாக்கலியே!" என்பார்.

அவள் இணைப்பை மூடாமலே தூங்கிப் போகிற நாட்களும் உண்டு. அம்பு நின்ற இடத்திலேயே நிற்கும். அண்ணன் மௌஸைத் தொடமாட்டார், ஆட்டம் பாதியில் கிடந்தாலும் அப்படியே விட்டுவிட்டு முடிவெட்டப் போய்விடுவார். நடுநடுவே திரும்பிப் பார்த்துக்கொள்வார். "தூங்கறா. தூங்கட்டும்" என்று அவர் சொல்லும்போது கடைக்குள் பேசுகிறவர்கள்கூடக் குரலைத் தாழ்த்துவார்கள். அம்பு நகரும் விதத்தை வைத்தே அவளுக்குச் சளி பிடித்திருக்கிறதா, மேலதிகாரி திட்டினானா என்று சொல்லிவிடுவார். நான்கு கிறிஸ்துமஸ் ஆயிற்று அவள் வந்து. ஒப்பந்தத்தை ஒவ்வொரு தடவையும் நீட்டிக்கிறார்கள்.

அப்படி இருக்கும்போதுதான் அந்த அறிவிப்பு வந்தது. ஆட்டத்தின் நடுவில் திரையை மறைத்துக்கொண்டு ஒரு பெட்டி எழுந்தது. நான் போய்ப் படித்துச் சொன்னேன். இந்தக் கணினியில் வியாபாரம் நடப்பதாகச் சந்தேகப்படுகிறோம். இலவசச் சேவை குடும்பங்களுக்கு மட்டும். ஆகவே இனி ஒவ்வொரு இணைப்பும் ஐந்து நிமிஷத்தில் துண்டிக்கப்படும், மறுபடி இணைய நெடுநேரம் காத்திருக்க வேண்டும். நான் படித்து முடித்தபோது அம்பு செத்துப்போயிருந்தது.

"வியாபாரமா?" என்றார் அண்ணன். "நானா?"

"பின்ன? கடைக்குள்ள வச்சிருந்தா வியாபாரம்னுதானே சொல்லுவான்" என்றான் டிண்டோ. "பலகையக் கழட்டிப் போடுங்க."

அவன் கேலிக்குத்தான் சொன்னான். மறுநாள் காலையில் பார்த்தால் சலூன் பலகையைக் காணோம். கணினியும் பின்னறைக்குப் போய்க் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. "அவ்வளவு தூரத்துலேருந்து உள்ள வந்து பாக்கறவனுக்கு வாசல்ல பாக்கத் தெரியாதா டீச்சர்?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். பலகை இல்லாமல் வாடிக்கை பாதியாகக் குறைந்தும் ஐந்து நிமிஷம் ஐந்து நிமிஷமாகவே இருந்தது.

விடுமுறை நாளில் நெரிஸா போன் செய்தாள். விடுதி மாடிப்படியில் உட்கார்ந்து பேசுகிறாள் என்பது எதிரொலியில் தெரிந்தது. அவள் சொல்லச் சொல்ல நான் இங்கே செய்தேன். கணினியை அணைத்துப் போட்டேன். மென்பொருளை நீக்கிவிட்டுப் புதிதாக ஏற்றினேன். தேதி சரியா என்று பார்த்தேன். வேறொரு மென்பொருளையும் போட்டுப் பார்த்தோம். அந்தப் பழைய கணினியில் அது ஊர்ந்தது, திரை அடிக்கடி கறுத்தது. "இதுல அவ வந்தாளா போனாளான்னே தெரியல. வேணாம்" என்றுவிட்டார் அண்ணன். பழையதையே மறுபடி ஏற்றினோம். அதே பெட்டி, அதே வாசகம், அசையவில்லை.

"டீச்சர், உள்ள வந்துபோன இணைப்பெல்லாம் ஒரு இடத்துல வரிசையா இருக்கும். அதத் திறங்க" என்றாள்.

திறந்தேன். தம்மாம் இருந்தது. அதோடு மக்காவ் இருந்தது, மிலான் இருந்தது, குவைத் இருந்தது, எங்கேயோ கடலில் போகும் ஒரு கப்பல்கூட இருந்தது. சத்தமாகப் படிப்பதா வேண்டாமா என்று யோசித்தேன். படித்துவிட்டேன்.

நெரிஸா அப்பாவைக் கூப்பிட்டாள். "அப்பா, நம்ம கம்ப்யூட்டருக்குள்ள யார் யாரெல்லாம் வர்றாங்க?"

"யாரும் இல்லம்மா. நம்ம ஆளுங்கதான்."

"நம்ம ஆளுங்கன்னா?"

அண்ணன் முன்னறையில் இருந்த பெரிய கண்ணாடியைப் பார்த்தார். நானும் பார்த்தேன். கட்டிங், ஷேவிங் விலை எழுதிய அட்டைக்கும் குழந்தை இயேசு படத்துக்கும் நடுவில், பிஸ்கட் பெட்டி அட்டையில் கொட்டை எழுத்தில் ஒரு நம்பரும் ஒரு சொல்லும் ஒட்டியிருந்தன. நான் அதை இத்தனை நாளும் தண்ணீர் கேன் கடை நம்பர் என்றே நினைத்திருந்தேன். கணினிக்குள் நுழையும் பாஸ்வேர்ட் அது. முடிவெட்ட வந்தவர்கள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போட்டோ எடுத்துத் தங்கள் பிள்ளைகளுக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

"கேட்டாங்க, குடுத்தேன். மூஞ்சிக்கு நேரா எப்படிம்மா இல்லங்கறது? மக்காவ்ல இருக்கறது மெலா அக்கா மகன் ரோடெல். ஞானஸ்நானத்துக்கு நான் நின்ன ஞானப்பிள்ளை. மிலான்ல இருக்கறது டிண்டோ பொண்டாட்டி."

பெஞ்சில் கிடந்த டிண்டோ எழுந்து உட்கார்ந்து தரையைப் பார்த்தான்.

"ராத்திரி பூரா நின்னுட்டு வந்து உள்ள வரலாம்னு பாத்தா, 'வேறொருவர் இணைப்பில் இருக்கிறார்'னு வருமே, அது டிண்டோ பொண்டாட்டியாப்பா?" என்றாள் நெரிஸா. "எனக்கு அங்க இருக்கறது அந்த ஒரு எடம்தான். அதையும் ஊருக்கே திறந்து விட்டுட்டீங்க."

மென்பொருள் நிறுவனத்துக்கு நான்தான் எழுதினேன். வியாபாரம் இல்லை, அப்பாவும் மகளும் என்று. பதில் மரியாதையாகவே வந்தது. ஒரே வீட்டு ஆள் ஒருவர் மட்டும் சில வாரங்கள் வந்துபோகட்டும், அதைப் பார்த்துவிட்டுத் தடையை எடுக்கிறோம் என்றார்கள். நெரிஸா அன்றைக்கே அங்கிருந்து பாஸ்வேர்டை மாற்றினாள். அண்ணன் அதை மனப்பாடம் செய்துகொண்டார். கண்ணாடியிலிருந்த அட்டையைப் பிய்த்ததில் பசை மட்டும் சதுரமாக ஒட்டிக்கொண்டு நின்றது. கணினி சலூனுக்குத் திரும்பியது, பலகையும் ஏறியது.

டிண்டோ முகம் கொடுக்காமல், "சரி அண்ணே, நான் போன்லயே பாத்துக்கறேன்" என்றான். பெஞ்சுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டான். மற்றவர்களும் ஒருவாறு சமாளித்துக்கொண்டார்கள். மெலா அக்கா விஷயம்தான் அப்படி முடியவில்லை.

மெலா அக்கா மீன் விற்கிறவள். காது மந்தம், பக்கத்தில் நின்று கத்தினால்தான் கேட்கும். போனைக் காதில் வைத்தால் கோபத்தோடு திருப்பிக் கொடுத்துவிடுவாள். போனில் வரும் எழுத்தெல்லாம் அவளுக்கு எறும்பு. ரோடெல் இந்தக் கணினிக்குள் வந்து நோட்பேடில் உள்ளங்கை அகலத்துக்கு எழுத்துப் போடுவான். அவள் சலூன் நாற்காலியில் ராணி மாதிரி உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, தெருமுனை வரை கேட்கிற குரலில் படிப்பாள். புதன்கிழமைதோறும் சந்தை முடிந்ததும் அது நடக்கும். எங்களுக்கெல்லாம் ரோடெலின் சம்பளமும் வயிற்றுக் கோளாறும் அப்படித்தான் தெரியும்.

அந்தப் புதன்கிழமையும் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அண்ணன் அவள் காதில், "நெட் இல்ல அக்கா!" என்று கத்தினார்.

"வரட்டும், இருக்கேன்" என்றாள்.

இருந்தாள். அண்ணன் வேறொரு ஆளைப் பெஞ்சில் உட்காரவைத்து முடிவெட்டினார். கைவேலை சுத்தமாக இல்லை. அசையாத அம்பைப் பார்த்துக்கொண்டே அவள் இருட்டும்வரை உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாள். அடுத்த புதனும் அதே கதை, அதே பொய். மூன்றாவது புதன் அவள் திரையைப் பார்க்கவில்லை, அண்ணனைப் பார்த்தாள். கேட்காதவர்கள் பேசும் உரத்த குரலில், கடை முழுக்கக் கேட்க, "தோரிங், எனக்குத் தெரிஞ்சிடுச்சு. அவனுக்கு எம்மேல கோவம். போன தடவ பொண்ணு பாக்கட்டுமான்னு கேட்டேன். அதான் வரமாட்டேங்கறான், இல்ல?" என்றாள்.

அண்ணன் சீப்பைக் கீழே வைத்தார். பின்னறைக்குப் போய் ஒரு பிஸ்கட் பெட்டியைக் கிழித்து எடுத்து வந்தார்.

எனக்குப் பதறிவிட்டது. தெருவைத் தாண்டி ஓடினேன். "அண்ணே, இன்னும் கொஞ்ச நாள்தான். தடைய எடுக்கப் போறாங்க. நெரிஸா எத்தன ஆசையா நாள எண்ணிட்டிருக்கா! பொறுங்க."

"நான் மட்டும் எண்ணலியா டீச்சர்?" என்றார். புது பாஸ்வேர்டை எழுதிக்கொண்டே பேசினார். "எம் மக வராட்டி, ஏன் வரலன்னு எனக்குத் தெரியும். இந்த அம்மாவுக்குத் தெரியாதே."

அட்டையைப் பழைய பசையின் மேலேயே ஒட்டினார். ரோடெலுக்கு நான் செய்தி அனுப்பினேன். சற்று நேரத்தில் அம்பு குலுங்கியது. திரை கொள்ளாத எழுத்தில் அவன் முதலில் போட்டது ‘அம்மா’ என்ற ஒரு சொல்தான். மெலா அக்கா கூட்டிப் படித்தாள். படித்துவிட்டு, "தடியன்!" என்று திட்டினாள். முந்தானையெல்லாம் எங்கள் ஊரில் கிடையாது, சட்டையின் தோளைத் தூக்கி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஐந்து நிமிஷம் முடிந்து அது அறுந்தபோது அவளுக்குக் குறையொன்றும் இல்லை. எழுந்து மீன் கூடையைத் தேடிப் போனாள்.

மறுபடி வேறு இணைப்பைப் பார்த்ததும் நிறுவனம் கைவிரித்துவிட்டது. ஐந்து நிமிஷம்தான், நிரந்தரமாக. காசு கட்டினால் உண்டு. அந்தக் காசுக்குச் சலூனையே புதிதாகக் கட்டலாம்.

நடந்ததையெல்லாம் நெரிஸாவுக்கு எழுதினேன். அவள் வரவில்லை. ஒரு வாரத்துக்கும் மேல் ஆயிற்று. அண்ணன் கணினியை உறங்கவிடாமல், ஒவ்வொரு தலைக்கும் இடையில் போய் ஒரு பொத்தானைத் தட்டிவிட்டு வருவார். கணினி உறங்கினால் வெளியிலிருந்து உள்ளே வர முடியாது. மற்றவர்கள் வந்தார்கள், ஐந்தைந்து நிமிஷமாக. மிலானிலிருந்து டிண்டோவின் மனைவிகூட வந்து ஏதோ எழுதிவிட்டுப் போனாள். அவனும் பழையபடி பெஞ்சில் கிடந்தான், ஆனால் பேய்க் கதை சொல்லவில்லை. அம்பு அசையும்போதெல்லாம் அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு போவார். எழுத்தைப் பார்ப்பார். "உனக்குத்தான்" என்று யாரையாவது கூப்பிட்டுவிட்டுத் திரும்பி வருவார். அந்த வாரம் அவரைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. ஜன்னலைச் சாத்தி வைத்தேன்.

பிறகு ஒரு நண்பகலில் அவள் வந்தாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். நோட்பேட் திறந்தது. "எல்லாரையும் சேத்துக்கிட்டீங்க. எனக்கு அஞ்சு நிமிஷம் வச்சிருக்கீங்க" என்று எழுத்துகள் ஓடின.

அண்ணன் ஒற்றை விரலை நீட்டினார். ‘கோவமா’ என்று எழுத எழுத்தைத் தேடினார். முதல் இரண்டு எழுத்து விழுவதற்குள் அவள், "மெலா பெரியம்மா என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள். அவர் எழுதியதை அழித்துவிட்டு, ‘தடியன்’ என்று அடித்தார். அங்கே அவள் சிரித்தாளா என்று தெரியவில்லை. அம்பு திரையின் குறுக்கே வேகமாக ஓடியது. அண்ணன் மட்டும், "சிரிக்கறா" என்றார்.

இப்போது அவள் வருவது அவருடைய சாப்பாட்டு நேரத்தில். அவளுக்கு அது வேலை முடிந்து படுக்கப் போகும் நேரம். கடையை மூடாமலே, சோளச் சோறும் முருங்கைக்கீரைக் குழம்பும் கருவாடுமாகத் தட்டை எடுத்துக்கொண்டு கணினி மேசைக்கு வந்துவிடுவார். ஐந்து நிமிஷத்தில் பேச்சும் வேண்டும், சீட்டும் வேண்டும். அதனால் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். நேற்று முன்தினம் ஒரு தலைவலி மாத்திரை கேட்டு நான் உள்ளே போனபோது ஆட்டம் மும்முரமாக இருந்தது. அண்ணன் ஒரு சிவப்பு ஒன்பதைப் போட இடம் தெரியாமல் சோற்றுக் கையோடு விழித்துக்கொண்டிருந்தார். அம்பு மேலேயிருந்து இறங்கி வந்தது. அந்த ஒன்பது உட்கார வேண்டிய கறுப்புப் பத்தை நோக்கிப் பாதி வழி வந்தது, அங்கேயே நின்றது. பெட்டி எழுந்தது. நேரம் முடிந்துவிட்டது.

நான் மாத்திரையைக் கேட்கவில்லை. அவர் திரும்பவும் இல்லை. சாப்பாட்டின் நடுவில் யாராவது வீட்டைவிட்டுக் கிளம்பினால், உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள் தங்கள் தட்டை ஒரு சுற்றுச் சுற்றி வைப்பது எங்கள் தீவில் வழக்கம், போகிறவர் வழியில் ஆபத்தில்லாமல் போய்ச் சேர வேண்டுமென்று. தோரிங் அண்ணன் சோற்றுக் கையைத் துடைத்தார். இரண்டு கைகளாலும் தட்டின் விளிம்பைப் பிடித்து, குழம்பு சிந்தாமல், மெதுவாக அதை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி வைத்தார்.